கோக் வாங்கினால் டிக்கெட் இலவசம்: கல்லூரிக் கால்பந்தின் சீசன் டிக்கெட் கணக்கு

2014 செப்டம்பர் கடைசி வாரத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு சலுகை அறிவிக்கப்பட்டது. இரண்டு பாட்டில் கோக் வாங்கினால், அந்தச் சனிக்கிழமை மின்னசோட்டா அணியுடன் நடக்கவிருந்த ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் இலவசம். இரண்டு பாட்டிலுக்கும் சேர்த்து விலை மூன்று டாலர்தான். டிக்கெட்டின் விலையோ தலைக்கு 75 டாலர். செய்தி பரவியதும் எழுந்த கூச்சலில் சலுகை உடனே நிறுத்தப்பட்டது. ஏதோ தகவல் குழப்பம் என்று பல்கலைக்கழகத்தின் தடகளத் துறை விளக்கம் சொன்னது. அது யாரையும் சமாதானப்படுத்தவில்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் இதில் கோபப்பட ஒன்றுமில்லை. விற்காத இருக்கை ஆட்டம் தொடங்கிய நொடியில் மதிப்பிழந்துவிடும். காலியாகக் கிடப்பதைவிட யாரோ ஒரு மாணவர் வந்து உட்கார்ந்து கைதட்டிவிட்டுப் போகட்டுமே. யாருக்கும் நஷ்டமில்லை, சிலருக்கு லாபம். பொருளாதாரப் பாடப்புத்தகம் இதை வரவேற்கத்தான் செய்யும். ஆனால் கொதித்தெழுந்தவர்கள் சலுகை கிடைக்காமல் போனவர்கள் அல்லர். பல மாதங்களுக்கு முன்பே முழுப் பணத்தையும் கட்டிவிட்டு அரங்கில் தங்கள் இடத்துக்காகக் காத்திருந்த சீசன் டிக்கெட்காரர்கள். அவர்கள் கையிலிருந்து ஒரு காசுகூடப் போகவில்லை. பிறகு எதைப் பறிகொடுத்ததாக நினைத்தார்கள்?

தள்ளுபடி டிக்கெட்டுக்கும் சீசன் டிக்கெட்டுக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியே போதும். அதற்கு முதலில் அந்த அரங்கைப் பற்றிக் கொஞ்சம்.

இங்கே கால்பந்து என்பது தலைக்கவசமும் தோள்பட்டைக் காப்பும் அணிந்து நீள்வட்டப் பந்தைச் சுமந்து ஓடும் அமெரிக்கக் கால்பந்து. அதைத் தொழில்முறை அணிகளுக்கு நிகராக, பல ஊர்களில் அவற்றைவிட மேலாகக் கொண்டாடுவது பல்கலைக்கழகங்கள்தான். ஆன் ஆர்பர் நகரில் 1927-இல் திறக்கப்பட்ட மிச்சிகன் அரங்கத்தில் இன்று 1,07,601 பேர் உட்காரலாம். ஊர்க்காரர்கள் அதைப் ‘பெரிய வீடு’ என்பார்கள். 1975 நவம்பர் 8 முதல் அங்கே நடந்த ஆட்டங்களில், ரசிகர்களையே அனுமதிக்காத பெருந்தொற்று ஆண்டு நீங்கலாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு லட்சத்துக்குக் குறையாத கூட்டம் வந்ததாகக் கணக்கு. அந்தச் சங்கிலி அறுந்துவிடக் கூடாது என்பது அங்கே மானப் பிரச்சினை. 2014-இல் அது அறுந்துபோகும் நிலையில் இருந்தது. ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன் ஸ்டேட், நோட்டர் டேம் ஆகிய மூன்று பரம எதிரிகளுடனான ஆட்டங்களும் அந்த ஆண்டு வெளியூரில் அமைந்துவிட்டன. ஆன் ஆர்பருக்கு வந்த அணிகளில் அப்பலாச்சியன் ஸ்டேட், ஒஹாயோவின் மயாமி, இந்தியானா போன்றவை இருந்தன. இவர்களைப் பார்க்க யார் 75 டாலர் கொடுப்பார்கள்?

சென்னைப் புறநகர் ரயிலில் சீசன் டிக்கெட் எடுப்பவர், தினமும் கவுன்ட்டரில் நிற்பவரைவிடக் குறைவாகக் கொடுக்கிறார். மொத்தமாக வாங்குபவருக்கு மலிவு என்ற அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு கல்லூரிக் கால்பந்தைப் பார்த்தால் குழம்பிப்போவோம். இங்கே மொத்தமாக வாங்குபவர் பல ஆண்டுகளில் அதிகமாகவே கொடுக்கிறார். அதுவும் இரண்டு தவணையாக. ஒன்று டிக்கெட்டின் விலை. மற்றொன்று, அந்த டிக்கெட்டை வாங்கும் உரிமைக்காகத் தரும் ‘நன்கொடை’. நல்ல இடத்தில் இருக்கை வேண்டுமானால் ஆண்டுதோறும் தடகளத் துறைக்கு ஒரு தொகை எழுதித் தர வேண்டும். மிச்சிகனில் இந்த ஏற்பாடு 2005-இல் வந்தது. தெற்கத்திப் பல்கலைக்கழகங்கள் இதில் மூத்தவை.

நன்கொடை என்று பெயர் வைத்ததற்குக் காரணம் வரிச் சட்டம். டிக்கெட் உரிமை என்ற கைம்மாறு கிடைக்கும்போது அது எப்படி நன்கொடையாகும் என்று 1980-களில் அமெரிக்க வருமான வரித் துறை கேட்டது. நியாயமான கேள்வி. 1986-இல் வரிச் சட்டத்தைத் திருத்தியபோது, பெயரைச் சொல்லாமல், இரண்டே இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் பொருந்தும்படி விவரித்து ஒரு விலக்கு நுழைக்கப்பட்டது. அந்த விவரிப்புக்குப் பொருந்தியவை டெக்சஸ் பல்கலைக்கழகமும் லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகமும். மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? 1988-இல் எல்லோருக்குமாக ஒரு சமரசம் செய்தார்கள். அத்தகைய நன்கொடையில் 80 சதவீதத்தை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று சட்டமானது. அடுத்த முப்பது ஆண்டுகளில், உச்ச வரி விகிதம் உயர்ந்திருந்த காலங்களில், 1,000 டாலர் கொடுத்த பணக்கார ரசிகருக்கு 300 டாலருக்கு மேல் அரசாங்கம் திருப்பித் தந்தது போலாயிற்று. 2017 டிசம்பரில் நிறைவேறிய வரிச் சட்டம் அந்தச் சலுகையை அடியோடு நீக்கியது. ஆண்டு முடிவதற்குள் வரும் ஆண்டுக்கான தொகையையும் கட்டிவிடுங்கள் என்று பல பல்கலைக்கழகங்கள் அவசர அவசரமாக நன்கொடையாளர்களுக்குச் செய்தி அனுப்பியது தனி வேடிக்கை.

ஆக, சீசன் டிக்கெட்காரரின் கையில் இருப்பது ஏழு ஆட்டங்களுக்கான ஏழு சீட்டுகள் மட்டுமல்ல. அதே இருக்கையை அடுத்த ஆண்டும் புதுப்பிக்கும் உரிமை இருக்கிறது. வெளியூர் ஆட்டத்துக்கும் ஆண்டிறுதிக் கோப்பை ஆட்டத்துக்கும் டிக்கெட் பெறும் வரிசையில் ஒரு முன்னிடம் இருக்கிறது. வாகனம் நிறுத்தும் இடம் இருக்கிறது. அந்த இடத்தில்தான் காலை எட்டு மணிக்கே அடுப்பை மூட்டி இறைச்சி வாட்டும் கூட்டம் கூடும். பக்கத்து இருக்கையில் இருபது ஆண்டுகளாக உட்காரும் குடும்பத்தின் பிள்ளைகள் வளர்ந்ததைப் பார்த்த பழக்கமும் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் தனித்தனியாக விலைப்பட்டியல் கிடையாது. எல்லாம் ஒரே தொகைக்குள் கரைந்திருக்கின்றன.

கணக்கைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எண்கள் கற்பனை, அமைப்பு உண்மையானது. ஏழு உள்ளூர் ஆட்டங்களுக்கான சீசன் டிக்கெட் 420 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 60 டாலர். பரம எதிரியுடனான ஆட்டத்தைத் தனியாக வாங்கப் போனால் வெளிச்சந்தையில் 200 டாலர். நடுத்தர எதிரிகளுடன் இரண்டு ஆட்டங்கள் தலா 80. மீதி நான்கும் பெயரளவுக்கு வரும் சின்ன அணிகளுடன், தலா 15 டாலர் தேறும். கூட்டினால் 200, 160, 60. மொத்தம் சரியாக 420. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் அந்தச் சின்ன ஆட்டத்தின் டிக்கெட் 15 டாலருக்குக் கூவி விற்கப்படும்போது, சீசன் டிக்கெட்காரர் அதை 200 டாலரோடு ஒப்பிடுவதில்லை. தன் மனதிலிருக்கும் 60 டாலரோடு ஒப்பிடுகிறார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் கால் விலைக்கு வந்திருக்கிறான் என்பதுதான் அவர் கண்ணில் படுகிறது. பெரிய ஆட்டத்தில் தனக்குக் கிடைத்த 140 டாலர் லாபத்தை யாரும் பலகை வைத்து அறிவிப்பதில்லையே.

மட்டமான சரக்கை நல்ல சரக்கோடு கட்டி விற்கும் உத்தி பழையது. தொலைக்காட்சி நிலையங்களுக்குப் பழைய படங்களை விற்ற அமெரிக்க விநியோகஸ்தர்கள், கேசபிளாங்கா வேண்டுமானால் கொரில்லா மேன் போன்ற படங்களையும் சேர்த்து எடுத்துக்கொள் என்று கட்டாயப்படுத்தினார்கள். 1962-இல் உச்ச நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. அடுத்த ஆண்டு பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் அந்தத் தீர்ப்பைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். கட்டி விற்பதன் நோக்கம் மட்டமான படத்தைத் தள்ளிவிடுவதல்ல என்றார். ஒவ்வொரு வாடிக்கையாளரும் வெவ்வேறு படத்தை விரும்புகிறார். தனித்தனியாக விலை வைத்தால் சிலரிடம் குறைவாகவே வாங்க முடியும். ஒரே கட்டாக்கினால் விருப்பங்களின் ஏற்ற இறக்கம் சமனாகி, எல்லோரிடமும் ஒரே பெரிய தொகையை வாங்கிவிடலாம். கால்பந்திலும் அதுதான் நடக்கிறது. ஒருவருக்கு ஒஹாயோ ஸ்டேட்டைத் தோற்கடிப்பதைப் பார்க்க வேண்டும். இன்னொருவருக்கு எதிரி யாரானாலும் இலையுதிர்காலச் சனிக்கிழமைகளை நண்பர்களோடு கழிக்க வேண்டும். இருவரும் ஒரே 420 டாலரை மனமார எழுதித் தருகிறார்கள்.

கொரில்லா மேன் வகை ஆட்டம்தான் எப்போதாவது சரித்திரமாகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2007 செப்டம்பர் 1 அன்று மிச்சிகன் 4,00,000 டாலர் கொடுத்து வரவழைத்த அப்பலாச்சியன் ஸ்டேட், ஒரு படி கீழான பிரிவில் ஆடிய அணி, பெரிய வீட்டில் வைத்தே மிச்சிகனை 34-32 என்று தோற்கடித்தது. உள்ளே இருந்தவர்கள் அதை விரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் இன்றுவரை பேசப்படும் ஆட்டம் அது.

கட்டு நிலைக்க ஒரு நிபந்தனை உண்டு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளின் விலையும் வெளியே தெரியக் கூடாது. அரங்க வாசலில் கைமாற்றாக விற்பவர்கள் மட்டும் இருந்த காலத்தில் அது தெரியவில்லை. 2000-இல் ஸ்டப்ஹப் என்ற இணைய மறுவிற்பனைத் தளம் தொடங்கியது. 2007-இல் ஈபே அதை 310 மில்லியன் டாலருக்கு வாங்கியது. அதன் பிறகு எந்த ரசிகரும் கைப்பேசியை எடுத்து, தன் இருக்கைக்கு இரண்டு வரிசை தள்ளி உள்ள இடம் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். அங்கே மலிவாக விற்பவர்களில் பெரும்பகுதி வேறு யாருமல்ல, வர முடியாத சீசன் டிக்கெட்காரர்களே. சின்ன ஆட்டத்தின் விலையைச் சரித்ததில் அவர்களுக்கும் பங்குண்டு.

அப்படியானால் கோக் சலுகைக்கு மட்டும் ஏன் அத்தனை கோபம்? மறுவிற்பனைத் தளத்தில் 15 டாலருக்கு விற்பவர் சக ரசிகர். அது சந்தை, யாரையும் நொந்துகொள்ள முடியாது. பல்கலைக்கழகமே விற்கும்போது கதை மாறுகிறது. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொடுகிறது. பனிப்புயலுக்கு மறுநாள் பனி அள்ளும் மண்வெட்டியின் விலையைக் கடைக்காரர் 15 டாலரிலிருந்து 20-ஆக உயர்த்தினால் அது நியாயமா என்று மக்களைக் கேட்டார்கள். 82 சதவீதத்தினர் அநியாயம் என்றார்கள். விலையின் நியாயத்தை மனிதர்கள் கேட்பையும் வழங்கலையும் வைத்து எடைபோடுவதில்லை. தங்களுக்கும் விற்பவருக்கும் இடையே இருப்பதாக நம்பும் ஒரு பழைய ஒப்பந்தத்தை வைத்து எடைபோடுகிறார்கள். மிச்சிகன் சீசன் டிக்கெட்காரரின் மனதில் இருந்த ஒப்பந்தம் இது: நான் தோல்வியிலும் வருவேன், முன்கூட்டியே பணம் கட்டுவேன், நீ என் இடத்தின் மதிப்பைக் காப்பாற்று. இரண்டு பாட்டில் கோக் அந்த இரண்டாம் பாதியை மீறியது.

அப்போது மிச்சிகனின் தடகள இயக்குநராக இருந்த டேவ் பிராண்டன், டாமினோஸ் பீட்சா நிறுவனத்தின் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி. பீட்சாத் தொழிலில் கூப்பன் என்பது மூச்சு. செவ்வாய்க்கிழமை பாதி விலையில் வாங்கியவரைப் பார்த்து சனிக்கிழமை முழு விலை கொடுத்தவர் சண்டைக்கு வருவதில்லை. பீட்சாக் கடைக்கு வாடிக்கையாளர்கள் உண்டு, உறுப்பினர்கள் கிடையாது. பிராண்டனும் மிச்சிகன் அணியில் ஒரு காலத்தில் ஆடியவர்தான். ஆனால் மாணவர்களிடம் ஏற்கெனவே கெட்ட பெயர் சம்பாதித்திருந்தார். 2013-இல் மாணவர் சீசன் டிக்கெட்டின் விலை 195-லிருந்து 280 டாலராக உயர்ந்தது. இருக்கை ஒதுக்கீடும் போய், முதலில் வருபவருக்கு முதலிடம் என்றானது. மூத்த மாணவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருந்து சம்பாதித்த முன்வரிசை ஒரே அறிவிப்பில் போயிற்று. அந்த ஏற்பாட்டைப் பிறகு திரும்பப் பெற்றார்கள். ஆனாலும் மாணவர் சீசன் டிக்கெட் விற்பனை சுமார் 20,000-இலிருந்து 2014-இல் சுமார் 12,000-ஆகச் சரிந்தது. கோக் சலுகை அந்தக் காலியிடங்களின் மேல்தான் வந்து விழுந்தது.

மின்னசோட்டா ஆட்டத்தில் மிச்சிகன் 30-14 என்று தோற்றது. தலையில் அடிபட்டுத் தள்ளாடிய ஆட்டக்காரரைத் தொடர்ந்து ஆட விட்டது பெரும் சர்ச்சையானது. மாணவர்கள் பல்கலைக்கழகத் தலைவரின் வீட்டுக்கு ஊர்வலம் போனார்கள். அக்டோபர் 31 அன்று பிராண்டன் பதவி விலகினார். தற்காலிகமாக வந்த ஜிம் ஹாக்கெட் செய்த முதல் காரியங்களில் ஒன்று, மாணவர் சீசன் டிக்கெட்டை 175 டாலராகக் குறைத்தது. கவனிக்க வேண்டிய வேறுபாடு இது. அவரும் தள்ளுபடிதான் கொடுத்தார். ஆனால் கட்டுக்குள் கொடுத்தார், வெளியே கொடுக்கவில்லை. யாரும் முணுமுணுக்கவில்லை.

கட்டுக்குள் கொடுக்கும் தள்ளுபடிக்கும் ஒரு பின்விளைவு உண்டு. அதைக் காட்டிய ஆய்வு சீசன் டிக்கெட்டை வைத்தே நடந்தது, கால்பந்தில் அல்ல, நாடகத்தில். ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் இருவரும் 1985-இல் வெளியிட்ட கட்டுரையில் அது வருகிறது. ஒஹாயோ பல்கலைக்கழக நாடகக் குழுவின் சீசன் டிக்கெட்டை வாங்க கவுன்ட்டருக்கு வந்த முதல் 60 பேரை, அவர்கள் அறியாமலே, மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு முழு விலை 15 டாலர். இன்னொன்றுக்கு 2 டாலர் தள்ளுபடி. மூன்றாவதுக்கு 7 டாலர் தள்ளுபடி. சீசனின் முதல் பாதியில் ஐந்து நாடகங்கள். முழு விலை கொடுத்தவர்கள் சராசரியாக 4.11 டிக்கெட்டைப் பயன்படுத்தினார்கள். தள்ளுபடி பெற்றவர்கள் 3.32, 3.29. எல்லோரும் வாங்க வந்தவர்கள்தான், எல்லோருக்கும் நாடகத்தில் ஆர்வம் உண்டு. கையை விட்டுப் போன தொகை ஒன்றுதான் வேறுபாடு. இரண்டாம் பாதியில் அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. கொடுத்த பணத்தின் உறுத்தலுக்கு ஆயுள் சில மாதங்கள்தான் போலும்.

டிக்கெட்டை மலிவாக்கினால் அரங்கம் நிறையும் என்ற எதிர்பார்ப்பை இது கொஞ்சம் அசைக்கிறது. விற்பனையை அது கூட்டலாம், வருகையைக் கூட்டும் என்ற உறுதியில்லை. இரண்டுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்பது 2018-இல் வெளிவந்தது. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் பல பல்கலைக்கழகங்களிடமிருந்து வாசலில் ஸ்கேன் செய்யப்பட்ட டிக்கெட்டுகளின் எண்ணிக்கையைக் கேட்டு வாங்கியது. 2017 சீசனில், அறிவிக்கப்பட்ட கூட்டத்தில் சராசரியாக 71 சதவீதத்தினரே உண்மையில் உள்ளே வந்திருந்தார்கள். மீதிப்பேர் காகிதத்தில் மட்டும் இருந்தார்கள். அறிவிக்கப்பட்ட எண்ணிக்கையே இறங்குமுகத்தில் இருந்த காலம் அது. உயர்பிரிவு அணிகளின் சராசரிக் கூட்டம் 2008-இல் 46,000-ஐத் தாண்டியிருந்தது. 2018-இல் 41,856.

இந்தக் காகிதக் கூட்டத்துக்கு விதிமுறையும் துணைபோனது. உயர்பிரிவில் நீடிக்க வேண்டுமானால் இரண்டு ஆண்டுகளில் ஒருமுறையாவது சராசரியாக 15,000 பேர் வந்திருக்க வேண்டும், அல்லது அத்தனை டிக்கெட் விற்றிருக்க வேண்டும் என்று தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் விதித்திருந்தது. மிக மலிவாக விற்ற டிக்கெட் கணக்கில் சேராது. உச்ச விலையில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். கூட்டமே வராத சிறிய பல்கலைக்கழகங்கள் நன்கொடையாளர்களையும் விளம்பரதாரர்களையும் மொத்தமாக வாங்க வைத்துக் கணக்கை நேர்செய்தன. 2023-இல் அந்த விதி கைவிடப்பட்டது. யாரும் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை.

தள்ளுபடியின் சிக்கலைத் தீர்க்க நேர்மையான ஒரு முயற்சி நடந்தது நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில். சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டனில், மிச்சிகனோடு ஒரே கூட்டமைப்பில் ஆடும் அணி. 47,000 இருக்கைகள் கொண்ட அதன் பழைய அரங்கம் பெரிய எதிரி வரும் நாளில் எதிரணி ரசிகர்களின் நிறத்தில் நிறைந்துவிடுவது வழக்கமாக இருந்தது. மற்ற நாட்களில் காற்றாடியது. அந்தப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பிக்கும் ஜெஃப் ஈலியும் சந்தீப் பலிகாவும் ஒரு ஏலமுறையை வடிவமைத்தார்கள். அணியின் நிறத்தை வைத்து ‘ஊதா விலை’ என்று பெயர். 2013-இல் கூடைப்பந்தில் தொடங்கி, அதே ஆண்டு ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன் அணிகளுடனான கால்பந்து ஆட்டங்களுக்கும் அதைக் கையாண்டார்கள்.

முறை எளிமையானது. ஒற்றை ஆட்ட டிக்கெட்டை உயர்ந்த விலையில் தொடங்குவார்கள். விற்காமல் நின்றால் படிப்படியாக விலையை இறக்குவார்கள். இதுவரை புதிதாக ஒன்றுமில்லை. புதுமை அடுத்தது. கடைசியில் விலை எங்கே போய் நிற்கிறதோ அதைத்தான் எல்லோரும் கொடுப்பார்கள். முதல் நாள் 150 டாலருக்கு வாங்கியவருக்கு, விலை 90-இல் முடிந்தால் 60 டாலர் திரும்பி வரும். அதனால் விலை இறங்கட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. காத்திருந்தால் இடம் போய்விடும் அபாயம்தான் மிச்சம். முந்தி வாங்கியவன் முட்டாள் என்ற நிலை இங்கே வராது.

தள்ளுபடியின் உண்மையான சேதம் ஒரு ஆட்டத்தின் வசூலில் இல்லை, அடுத்த ஆண்டின் காத்திருப்பில் இருக்கிறது. ஒருமுறை செப்டம்பரில் விலை சரிந்ததைப் பார்த்த ரசிகர் அடுத்த பிப்ரவரியில் புதுப்பிப்புக் கடிதம் வரும்போது யோசிப்பார். எதற்கு இப்போது 420 டாலர்? பெரிய ஆட்டத்தை மட்டும் மறுவிற்பனையில் வாங்கிக்கொள்வேன், மற்றவற்றுக்கு வாரக் கடைசியில் பார்த்துக்கொள்வேன். அவருக்கு இன்னும் சில வசதிகள் சேர்கின்றன. ஆட்டம் பகல் பன்னிரண்டுக்கா இரவு எட்டுக்கா என்பதைப் பல வாரங்களில் தொலைக்காட்சி நிறுவனங்கள் பன்னிரண்டு நாட்கள், சில சமயம் ஆறே நாட்கள் முன்புதான் தீர்மானிக்கின்றன. நவம்பரில் மழையா பனியா என்பது தெரிந்த பிறகு அவர் வாங்கலாம். அணி நான்கு ஆட்டம் தோற்றுவிட்டால் வாங்காமலே இருக்கலாம். இந்த வசதிகளுக்கு எல்லாம் மதிப்பு உண்டு. சீசன் டிக்கெட்காரர் அவற்றைப் பல்கலைக்கழகத்துக்கு இலவசமாகக் கொடுத்துவிடுகிறார்.

தொலைக்காட்சி என்றதும் நினைவுக்கு வருகிறது. மலிவான மாற்று வந்தால் அரங்கம் காலியாகும் என்ற பயம் கோக் பாட்டிலோடு பிறந்ததல்ல. 1950-களின் தொடக்கத்திலிருந்தே தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், எத்தனை ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்டலாம் என்று கடும் வரம்பு வைத்திருந்தது. வாசல் வசூல் போய்விடும் என்பதே காரணம். ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டு, 1984-இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று அந்த வரம்பை உடைத்தது. அதற்குப் பிறகும் கால் நூற்றாண்டு அரங்குகள் பெரிதாகிக்கொண்டேதான் போயின. எல்லோர் வீட்டிலும் நுழைந்த அந்த மலிவு மாற்று யாரையும் அவமதிக்கவில்லை. தொலைக்காட்சியில் பார்ப்பவர் உங்கள் வரிசையில் வந்து உட்காருவதில்லை.

இதிலிருந்து என் முடிவுக்கு வருகிறேன். விலையைக் குறைப்பதில் தவறில்லை. யாருக்குக் குறைக்கிறோம், அவர் எதனால் தனித்துத் தெரிகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நெப்ராஸ்கா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. லிங்கன் நகரில் உள்ள அதன் அரங்கில் 1962 நவம்பர் முதல் எல்லா ஆட்டமும் ‘அரங்கு நிறைந்த’ ஆட்டம் என்பது அவர்களது பெருமை. 2021-இல் அது ஆட்டங்கண்டது. மீந்த டிக்கெட்டுகளைத் தள்ளுபடியில் தூக்கிப் போடாமல், நன்கொடையாளர்களிடம் விற்றார்கள். தொடக்க ஆட்டத்துக்கு அப்படி சுமார் 2,400 டிக்கெட் போயின. அவற்றை வசதியில்லாத குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பக்கத்து இருக்கையில் ஓசியில் வந்த சிறுவனைப் பார்த்து எந்தச் சீசன் டிக்கெட்காரரும் கோபப்பட மாட்டார். விலை மூன்று டாலரைவிடவும் கீழே, சுழியத்துக்கே போயிருந்தது. சாதனைச் சங்கிலியைப் போலியாக நீட்டிக்கிறார்கள் என்ற கேலியும் எழுந்தது, அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் மீறப்படவில்லை.

மாணவர்களும் அப்படித் தனித்துத் தெரிபவர்களே. அவர்களுக்கு மலிவாகக் கொடுப்பதை எல்லோரும் ஏற்கிறார்கள். அங்கே பிரச்சினை வேறு. மலிவாக வாங்கியவர்கள் இடைவேளையில் எழுந்து போய்விடுகிறார்கள். 2019-இல் அலபாமா பல்கலைக்கழகம் ஒரு செயலியைக் கொண்டுவந்தது. கடைசிக் கால்பகுதி வரை அரங்கிலேயே இருக்கும் மாணவர்களுக்குப் புள்ளிகள் சேரும், அவர்களின் கைப்பேசி இருக்கும் இடத்தை வைத்து. புள்ளி அதிகமானால் பெரிய ஆட்டத்தின் டிக்கெட்டில் முன்னுரிமை. வெற்றி மேல் வெற்றி குவித்த அணிக்கே இந்த நிலை. டிக்கெட் விலையை வைத்துச் சாதிக்க முடியாததைக் கண்காணிப்பை வைத்துச் சாதிக்கப் பார்த்தார்கள். எனக்கு அது கொஞ்சம் அருவருப்பாகவே படுகிறது.

முன்கூட்டியே பணம் கட்டியவருக்கு அதிர்ஷ்டம் அடிக்கும் ஆண்டுகளும் உண்டு. கொலராடோ 2022-இல் ஒரே ஒரு ஆட்டம் வென்று பதினொன்றில் தோற்றது. அந்த டிசம்பரில் முன்னாள் நட்சத்திரம் டியோன் சாண்டர்ஸ் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். 2023 ஏப்ரலுக்குள் சீசன் டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்தது, 1996-க்குப் பிறகு முதன்முறையாக. தோல்வி ஆண்டுகளில் விடாமல் புதுப்பித்தவர்களின் கையிலிருந்த இருக்கைக்கு ஒரே குளிர்காலத்தில் மவுசு கூடியது. எல்லாப் பல்கலைக்கழக விற்பனையாளர்களும் புதுப்பிப்புக் கடிதத்தில் சொல்லாமல் சொல்லும் வாக்குறுதி இதுதான். அது பலிப்பது எப்போதாவது.

இந்தப் பேரம் இப்போது மேலும் இறுகியிருக்கிறது. ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்ற சமரசத் தீர்வை 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றது. முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் 20.5 மில்லியன் டாலர் வரை பங்கிடலாம். அந்தப் பணம் எங்கிருந்து வரும்? டென்னசி பல்கலைக்கழகம் தீர்ப்புக்கு முன்பே, 2024 செப்டம்பரில், அடுத்த ஆண்டு டிக்கெட்டுகளில் 10 சதவீதத்தைத் ‘திறமைக் கட்டணம்’ என்று சேர்த்தது. வழக்கமான விலையேற்றம் தனி. அதன் அரங்கிலும் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கைகள். அணி வென்றுகொண்டிருந்ததால் ரசிகர்கள் முனகிக்கொண்டே கட்டினார்கள்.

சீசன் டிக்கெட் பணம் வசந்தத்திலேயே வந்து சேர்ந்துவிடுகிறது, மழையோ தோல்வியோ அதைத் தொடாது. சம்பளப் பட்டியல் நீளும் காலத்தில் அந்த நிச்சயத்தை எந்த இயக்குநரும் கைவிடப் போவதில்லை. ஆனால் கட்டணம் ஏற ஏற, தளர்ந்த சனிக்கிழமைகளில் காலியிடமும் கூடும். அவற்றை நிரப்பும் ஆசையும் கூடும். ஒரு சீசனில் இரண்டு மூன்று ஆட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்து வாங்கும் சிறு கட்டுகளைப் பல பல்கலைக்கழகங்கள் விற்கின்றன. அவற்றின் விலை சீசன் டிக்கெட்டின் சராசரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளும்வரை பழைய ரசிகர்கள் பொறுத்துக்கொள்வார்கள். நார்த்வெஸ்டர்ன் பேராசிரியர்களின் வழியைச் சீசன் டிக்கெட்டுக்கும் நீட்டி, ஒற்றை ஆட்டம் எவ்வளவு மலிந்ததோ அந்த வித்தியாசத்தை அடுத்த ஆண்டின் புதுப்பிப்புத் தொகையில் கழித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. 15 டாலருக்கு விற்ற ஆட்டத்துக்கு 45 டாலர் கழிவு. கணக்கர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மறுப்பதற்கு முன் அவர்கள் ஒன்றைப் பார்க்கலாம்: சலுகை விற்பனையில் அந்தச் சனிக்கிழமை வந்த தொகை எவ்வளவு, அடுத்த பிப்ரவரியில் புதுப்பிக்காமல் போனவர்களின் இருக்கையும் நன்கொடையும் சேர்ந்து எவ்வளவு.